இதைப் பின்னியது யார்? புதுச்சேரி, கடலூர் கைவினைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். பள்ளியில் தையல் ஆசிரியையாக 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையில் கொஞ்சம் காசும் காலில் கொஞ்சம் தெம்பும் இருக்கும்போதே நான்கு ஊர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று இப்போதெல்லாம் அடிக்கடி கிளம்பிவிடுகிறேன். எந்த ஊரில் இறங்கினாலும் கோயிலுக்கு வழி கேட்ட கையோடு, "இங்கே கைவேலை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்பது என் வழக்கம். அப்படிக் கேட்டுத்தான் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் ஒரு வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னும் பெண்களைக் கண்டதும், ஆந்திராவின் நரசாபுரம் வரை போய் வந்ததும் அப்படித்தான்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது தொலைவூர் எதுவும் இல்லை. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய ஒரு கடையில் சென்ற மாதம் நடந்த ஒன்று. கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

சந்தன நிறத்தில் ஒரு மேஜை விரிப்பு. விலைச்சீட்டில் "கையால் பின்னிய லேஸ்" என்று எழுதியிருந்தது. ஆசையோடு எடுத்து மடியில் விரித்தேன். வரிசை வரிசையாகப் பூக்கள், பூவுக்கு ஆறு இதழ். ஒரு பூவின் மூன்றாம் இதழில் நூல் சற்றுத் தளர்ந்து வெளியே வந்திருந்தது. பக்கத்துப் பூவைப் பார்த்தேன். அதிலும் மூன்றாம் இதழ், அதே இடம், அதே தளர்ச்சி. அடுத்த பூவிலும் அப்படியே. கை ஒரு தவற்றை ஓரிடத்தில் செய்யும், இன்னோரிடத்தில் வேறொன்றைச் செய்யும். விரிப்பு முழுவதிலும் ஒவ்வொரு பூவிலும் ஒரே இதழில் ஒரே தவற்றைச் செய்கிற கை கிடையாது. அது இயந்திர லேஸ்.

"இதைப் பின்னியது யார், தம்பி?" என்று விற்பனைக்கு நின்ற பையனைக் கேட்டேன். "கையால் பின்னியதுதான் அம்மா" என்றார். "எந்த ஊரில்?" என்றேன். "சரக்கு மொத்தமாக வருகிறது, எங்களுக்குத் தெரியாது அம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்குப் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். பாட்டிக்கென்று அதே விரிப்பில் ஒன்றை எடுத்துக் கொண்டார்கள். "பாட்டியும் இப்படித்தானே பின்னிக்கொண்டிருப்பார்கள்" என்று அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறருடைய வியாபாரத்தில் குறுக்கே பேசுவது சரியல்ல என்று நினைத்தேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறிய பிறகு அது தவறு என்று பட்டது. இன்றுவரை உறுத்துகிறது.

இயந்திர லேஸ் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளின் கவுனுக்கு அதைத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809இல் வலைத்துணி பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு லேஸ் எளியவர் வீட்டுக்கும் வந்தது. நல்லதுதான். அதை அதன் பெயரிலேயே விற்றால் யாருக்கும் குறையில்லை.

உங்களில் பலருக்குக் கையால் பின்னும் குரோஷாவுக்கும் இயந்திர லேஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். குரோஷா என்றால் ஒற்றைக் கொக்கி ஊசி, ஒற்றை நூல். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்து இழுத்துப் பின்னுவது. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தால் பின்னல் வந்த வழியே கலைந்துகொண்டு போகும். அதைப் போலத் தோன்றும்படி இயந்திரத்தில் செய்வது வேறு: கரையக்கூடிய துணியின் மேல் நெருக்கமாக எம்பிராய்டரி போட்டு, பிறகு அந்தத் துணியைக் கரைத்துவிடுகிறார்கள். நூல் வேலை மட்டும் மிஞ்சி லேஸ் ஆகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண்ணியே இருக்காது, தையல் மேல் தையல்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொண்டுவிடலாம்.

திண்டு லேஸ் இதிலிருந்து முற்றிலும் வேறு. நாகர்கோவில் பக்கத்து வீடு ஒன்றில் அதை முதன்முதலாகப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். இறுக்கமாக அடைத்த திண்டு ஒன்று. அதன் மேல் ஊசித்துளை போட்ட அட்டை. துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் இருபது முப்பது, திண்டின் ஓரத்தில் தொங்குகின்றன. அந்த அம்மா குச்சிகளை இரண்டிரண்டு ஜோடியாக எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே என்னோடு பேசினார். விரல்களைப் பார்க்கவே இல்லை. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை தூறல் போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. "இதில் எத்தனை விதமான பின்னல் அம்மா?" என்று கேட்டேன். "இரண்டே அசைவுதான். ஒன்று குறுக்கு, ஒன்று முறுக்கு. மற்றதெல்லாம் இந்த இரண்டும் மாறி மாறி வருவதுதான்" என்றார். 28 ஆண்டுகள் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு அதுவரை இது தெரியாது. நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் லேஸ் என் விரல் நீளம்கூட வளரவில்லை.

அந்தக் கலை அங்கே வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் ஊழியரான சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது, 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகளில் எழுதப்பட்டிருக்கிறது. மார்த்தாவின் மகள் எலைசாவை 1844இல் மணந்தவர்தான் நாம் எல்லோரும் அறிந்த கால்டுவெல். எலைசா அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டு போனார். கால்டுவெல்லின் பெயர் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும், எலைசாவின் பெயர் கொஞ்சம் பேருக்குத் தெரியும். லேஸை விற்று விடுதலையை வாங்கிய அந்தப் பெண்களின் பெயர்களை எத்தனை பேரால் சொல்ல முடியும்? லேஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வந்துவிடுகிறது. விலைச்சீட்டில் பின்னியவர் பெயர் இல்லாததைச் சிறு குறைதானே என்று என்னால் விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரிலும் இதே கதைதான். புதுச்சேரியிலிருந்து 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலத்துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அதை ஏற்றியனுப்பிய கம்பெனிகளின் கணக்கு ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. நெய்தவரும் நீலம் தோய்த்தவரும் அந்தக் கணக்கில் வெறும் எண்கள். அதற்கும் முந்தி அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானையை வைத்திருந்தவர் தன் பெயரைக் கீறி வைத்தார். வனைந்தவர் பெயர் போய்விட்டது.

பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வில்லியனூர் சுடுமண் சிற்பம் என்றதும் முனுசாமி என்ற பெயரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. நரசாபுரம் குரோஷா லேஸுக்கும் 2024இல் கிடைத்துவிட்டது. குறியீடு ஊருக்குப் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் குறியீடு ஊரைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரை என்று ஒன்றாவது இருக்கிறது. ஒரு பெண் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பின்னும் பின்னலுக்குச் சாட்சி சொல்ல, அதை விற்கிற உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ரோமன் ரோலண்ட் தெருவில் குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி நிலையத்துக்கு உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? உள்ளூர்க்காரர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள், உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். பழைய பெரிய வீடு. வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பெண்கள் உட்கார்ந்து துணியில் பூத்தையல் போடுகிறார்கள். தைக்கிற கையைப் பார்த்துவிட்டு விரிப்பை எடுக்கும்போது விலை பேசவே வாய் வரவில்லை எனக்கு. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இருவர் ஒரு கைக்குட்டையை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். பயணம் போகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படி அலைகிறவள்தான். எங்கும் கிடைக்கும் பொருளுக்காக யாரும் இத்தனை தூரம் வருவதில்லை. இந்த ஊரில் இன்னாரிடமிருந்து வாங்கினேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கைவேலை என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு பொருளோடும் செய்தவர் பெயர், ஊர், அதைச் செய்ய ஆன நாள் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். சுய உதவிக் குழுவினர் சேர்ந்து செய்திருந்தால் குழுவின் பெயர் போதும். பெயரை வெளியே சொல்ல விரும்பாத பெண்கள் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்தக் கூடாது. மூலையில் ஒரு வண்ண நூலால் தனக்கென்று ஓர் அடையாளம் தைக்கச் சொல்லுங்கள், அதையே சீட்டில் வரைந்துவிடலாம். மொத்த வியாபாரி எங்கிருந்து வாங்கினார் என்று சொல்ல மறுத்தால், அந்தச் சரக்கின் மேல் 'கையால்' என்ற சொல்லை எழுதாதீர்கள். இயந்திர லேஸா, இயந்திர லேஸ் என்று எழுதுங்கள்.

நாள் கணக்கை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், கூலிக்காகத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு குரோஷாப் பூ பின்ன எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது. நான் ஒன்றும் மெதுவானவள் இல்லை. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் செய்வதால் இது பொழுதுபோக்கு, இதற்கு என்ன பெரிய கூலி என்று பேசுகிறவர்களை நேரில் கேட்டிருக்கிறேன். எந்நேரம் செய்தாலும் கண் நோவது அதே நோவுதான். எத்தனை நாள் வேலை என்று சீட்டிலேயே இருந்தால் பேரம் பேச வருகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார். விலை நிர்ணயிக்கிற நீங்களும் யோசிப்பீர்கள்.

லேஸை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. எங்கள் கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிறார்கள். பண்ருட்டியில் பொம்மைகள், குறிஞ்சிப்பாடியில் கைலி. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒயர் கூடை பின்னும் பெண் ஒருவர் இருப்பார். சிவன் கண், நெல்லிக்காய் என்று அந்தப் பின்னல்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே எவ்வளவு அழகு! எங்கள் பெரியம்மா வீட்டில் ரேடியோவுக்கு ஒரு குரோஷா உறை, தண்ணீர்ப் பானைக்கு ஓரத்தில் மணி கோத்த மூடுதுணி, வாசலில் வெள்ளை நூல் தோரணம் எல்லாம் இருந்தன. அவை இன்று என் பெட்டியில் இருக்கின்றன. எந்த ஆண்டு பின்னினார் என்று கேட்டு வைக்காமல் போனேன்.

இத்தனை சீட்டு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன். காசு வேண்டாம். சீட்டுக்குக் காகிதமும் வெளியில் தேட வேண்டியதில்லை, கிழிந்த பருத்தித் துணியிலிருந்து கையால் காகிதம் செய்கிறவர்கள் புதுச்சேரியிலேயே ஆசிரமத்தில் இருக்கிறார்கள். எந்தக் கடை கூப்பிட்டாலும் காலை பஸ்ஸில் ஏறிப் பூதக்கண்ணாடியோடு வந்துவிடுகிறேன். எது கைப்பின்னல், எது இயந்திரம் என்று பிரித்து வைப்பதற்கு உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். பின்னும் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பெயர் கேட்டு வரவும் தயார்.

அந்தக் கடைக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. அதே சந்தன நிற விரிப்பு இன்னும் நான்கு உங்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் மடித்து வைத்திருந்தது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நான்கின் சீட்டையும் முதலில் மாற்றி எழுதுவோம், வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.