வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பினாங்குத் துறைமுகத்தில் ஒரு பகல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நிபோங் திபால் நகரத்தாரும் சுற்றுவட்டாரத் தோட்டத்தாரும் சேர்ந்து நடத்திவரும் நமது வாசகர் வட்டம் இவ்வாண்டும் மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்கவிருப்பதாலும், மாதக் கூட்டங்களின் குறிப்புகள் உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டதாலும், இவ்வறிக்கை முழுவதையும் ஆகஸ்டு மாதத்தில் நாம் மேற்கொண்ட துறைமுக நடைப்பயணத்துக்கே ஒதுக்கச் செயலவை இசைவளித்தது.

இப்பயணத்துக்குக் காரணமாக அமைந்தது ஒரு மாணவியின் கேள்வி. நம் முன்னோர் பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் அவை ரப்பர்த் தோட்டங்களாக மாறிய காலத்தில் பால்மரக் காடுகளுக்கும் வந்துசேர்ந்த வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "அவர்கள் எந்த இடத்தில் கரையிறங்கினார்கள்?" என்று அவர் கேட்டார். ஒரு மணி நேரப் பயணத்தில் சென்றுவரக்கூடிய ஊராக இருந்தும் அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட எங்களில் ஒருவராலும் இயலவில்லை என்பதை இங்கு ஒளிக்காமல் பதிவு செய்கிறேன்.

எண்பத்திரண்டு வயது மூதாட்டி முதல் ஒன்பது வயதுச் சிறுவன் வரை நாற்பத்தொரு பேர் கலந்துகொண்டோம். ஒப்பந்தம் செய்திருந்த பேருந்து நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததால், காலை வெயில் ஏறிய பிறகே பட்டர்வொர்த்தை அடைய முடிந்தது. பாலத்தின் வழியே நேராகப் பினாங்குத் தீவுக்குச் சென்றுவிடலாம் எனச் சிலர் கூறினாலும், கடலிலிருந்து பார்க்காமல் ஒரு துறைமுக நகரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் பேருந்தை முன்னால் அனுப்பிவிட்டு பெர்ரியிலேயே சென்றோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். முன்னோர் கப்பலின் மேல்தளத்தில் நின்று கண்ட மலையையும் கரையையும் அந்தச் சில நிமிடங்களில் நாமும் கண்டோம்.

நடைப்பயணம் வெல்ட் கரையில் தொடங்கியது. 1880களில் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்ட இந்தக் கரைக்கு அன்றைய ஆளுநர் ஃபிரெடெரிக் வெல்டின் பெயர் இடப்பட்டது. அதற்கு முன் கடல் எதுவரை இருந்தது என்பதற்குத் தெருப்பெயர்களே சான்று. இன்று வங்கிகள் வரிசையாக நிற்கும் கடற்கரைத் தெருவாகிய லெபோ பந்தாய்தான் அன்றைய கரையோரம். அத்தெருவைத் தாண்டிக் கடலை நோக்கி நீளும் குறுந்தெருக்கள் எல்லாம் 'காட்' என்று முடிகின்றன: காட் லெபோ சூலியா, காட் லெபோ சீனா, காட் லெபோ ஆச்சே. இதை மலாய்ச் சொல் என்றே நம் இளையோர் எண்ணியிருந்தனர். காசியில் கங்கைக் கரைப் படித்துறைகளைக் குறிக்கும் அதே இந்தியச் சொல்தான் இது. நம் மொழியில் சொன்னால் துறை. நிலம் கடலுக்குள் நகர நகரத் துறைகளும் நகர்ந்தன. பெயர் மட்டும் தெருக்களில் தங்கிவிட்டது. இவ்வளவு காலமும் பெயர்ப்பலகையில் படித்தும் பொருள் அறியாமல் கடந்துபோன ஒரு சொல்லின் முன் நாற்பத்தொரு பேரும் நின்றது இப்பயணத்தின் சிறந்த தருணங்களுள் ஒன்று.

காட் லெபோ சீனாவின் முனையில் 1907இல் கட்டப்பட்ட மலாயா ரயில்வே கட்டடம் இன்று சுங்கத்துறை அலுவலகமாக விளங்குகிறது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. பயணிகள் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு, பெர்ரியில் கடந்து, பெருநிலத்தில் ரயிலேறினார்கள். மரக்கால்களின் மேல் கடலுக்குள் நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறைக் குடியிருப்புகளில் சியூ குலத்தாருடையதைப் பார்த்தோம். பெரிய கப்பல்கள் ஆழமான நீரில் நிற்க, சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவை தொங்கான்கள் எனப்படும் சரக்குப் படகுகளும் சிறுபடகுகளுமே. அவ்வேலையில் நம்மவரும் இருந்தனர் என்பதற்கு, நகரின் உட்பகுதியில் தமிழர்கள் 'படகுக்காரத் தெரு' என்று ஒரு தெருவை அழைத்து வந்ததே போதிய சான்று.

மணிக்கூண்டையும் கார்ன்வாலிஸ் கோட்டையையும் சற்று விரைவாகவே கடந்தோம். கோட்டையில் ஒரு செய்தி மட்டும் நம் ஊராருக்கு உரியது. 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் தீவைக் கைக்கொண்டபோது முதலில் எழுப்பப்பட்ட அரண், நிபோங் பனையின் தண்டுகளை நட்டு அமைத்த வேலியே. செங்கல் மதில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. நம் ஊரின் பெயரிலும் அதே பனை நிற்கிறது என்பதைச் சிறுவர்கள் உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28 அன்று இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்து ருஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்த ஜெர்மானியக் கப்பல், அதற்கு ஒரு மாதத்துக்கு முன் சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன்தான். அஞ்சத்தக்க ஆளை 'எம்டன்' என்று நம் வீடுகளில் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் இளையோர் அங்கே அறிந்தனர்.

பிற்பகலில், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், கடலோடிகள் வேண்டுதல் செலுத்திய நாகூர் தர்காவையும், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயிலையும் கண்டோம். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்கு அடுத்த ஊர் நாகூர். புறப்பட்ட கரையின் காவல் வந்திறங்கிய கரையிலும் இருந்ததை எண்ணியபோது பலருக்குப் பேச்சு எழவில்லை.

இங்கு ஒரு குறையைக் குறிப்பிட வேண்டும். நமக்கு வழிகாட்டியவர் வணிகர்களைப் பற்றியும் ஆளுநர்களைப் பற்றியும் விரிவாகவும் நன்றாகவும் கூறினார். தோட்டத் தொழிலாளர் பற்றிக் கேட்டபோது ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நாங்கள் நடந்த வழியில் கண்ட தகவல் பலகைகளிலும் கங்காணியின் பின்னால் வரிசையாக இறங்கிய அந்த மக்களைக் காணவில்லை. 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுன் நகரத்தின் கரையில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பது செயலவையின் உறுதியான கருத்து.

அந்த வாக்கியத்தின் மிச்சம் திரும்பும் வழியில், பேருந்தில் கிடைத்தது. முதல் பாலத்தைக் கடக்கையில் வலப்புறம் ஜெரஜாக் தீவு தெரிந்தது. அதுவரை அதிகம் பேசாதிருந்த நம் மூத்த உறுப்பினரான பாட்டி, "அங்கதான் எங்கள வச்சிருந்தாங்க" என்றார். 1951இல் எட்டு வயதுச் சிறுமியாக, முன்பே இங்கு வந்துவிட்ட தகப்பனாரிடம் சேர, தாயாருடன் ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். நோய் பரவாதிருக்கப் பயணிகளைத் தடுத்துவைத்த முகாம் அத்தீவில் இருந்தது. கொண்டுவந்த தகரப்பெட்டியைத் திறந்து துணிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனபோது தாயார் அழுததையும், இரவில் எதிர்க்கரையின் விளக்குகளைப் பார்த்து அதுதான் அப்பா இருக்கும் தோட்டம் என்று தாம் நினைத்ததையும் அவர் சொல்லச் சொல்லப் பேருந்தே அமைதியானது. முதலில் கேள்வி கேட்ட மாணவி பாட்டியின் பக்கத்து இருக்கைக்கு மாறி, வீடு வந்துசேரும்வரை கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

அப்பதிவைக் கேட்ட பின், செயலவை மூன்று முடிவுகளை எடுத்துள்ளது. கப்பலில் வந்த அனுபவம் உடைய முதியோர் நம் வட்டாரத்தில் மிகச் சிலரே எஞ்சியுள்ளதால், மாதம் இரு வீடுகளுக்குச் சென்று அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சுத் தமிழிலேயே பதிவு செய்வது. இதுவரை ஒன்பது பேர் பேசியுள்ளனர். வெல்ட் கரையில் தொழிலாளர் வருகையைக் குறிக்கும் தமிழ்ப் பலகை ஒன்றை வைக்கக் கோரி உரியவர்களுக்கு மனு அளிப்பது. அடுத்த நடைப்பயணத்தைக் காலை ஏழு மணிக்கே தொடங்கி, முதியோருக்குச் சக்கர நாற்காலிகளுடன், கோயில்களைக் குறைத்துக் கரைக்கே கூடுதல் நேரம் ஒதுக்குவது. இம்முறை வெயிலில் இருவர் மயக்கமுற்றதை நாம் மறக்கலாகாது.

கப்பலின் மேல்தளத்தில் வந்த பயணிகளின் பழைய சீட்டு, கடவுச்சீட்டு, தகரப்பெட்டி முதலியன வீட்டில் வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிடாமல் செயலாளரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பொருள்களை வாங்கிக்கொள்ள மாட்டோம்; படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். இவ்வறிக்கையை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்