பாஸ்கல் ஆப் செய்த ஆக்களுக்கு வன்னியில இருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கட ஆப்பின்ர பேர இதில போடேல்ல, பாவிக்கிற ஆக்களுக்கு எதெண்டு விளங்கும், உங்களுக்கும் விளங்கும். நெட் இல்லாமலே போன்ல பாஸ்கல் எண்ட புரோகிராம் மொழியில எழுதி ஓட்டிப் பாக்கலாம் எண்டு நீங்கள் செய்து குடுத்தது இஞ்ச எவ்வளவு பெரிய உதவி எண்டத முதல்ல சொல்லிப்போடுறன். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமெல்லாம் வீட்டில கொம்பியூட்டர் இல்லாத பிள்ளையள் கனபேர், அம்மாட போன் பின்னேரம் கைக்கு வந்தாத்தான் அவைக்கு பிறக்டிகல். அதாலதான் உங்கட ஆப் சத்தமில்லாமப் பிழையான விடை தாற ஒரு இடத்தப் பற்றி இப்பிடி நீட்டி எழுதுறன்.

ஒரு புரொசீஜருக்கு (பேர் வைச்சுக் கூப்பிடுற புரோகிராம் துண்டு) வார் (var) எண்ட சொல்லப் போட்டு ஒரு மாறிய (பெறுமதி வைக்கிற பேரிட்ட இடம்) குடுத்தா உள்ளுக்க மாத்தினது வெளியிலயும் மாறோணும், வார் இல்லாட்டி கொப்பி மட்டும்தான் போகும். நிக்லஸ் விர்த் 1970ல பாஸ்கல வெளிய விட்ட காலத்து விதி இது. உங்கட ஆப்பில மெயின் புரோகிராம்ல இருந்து நேர கூப்பிட்டா எல்லாம் சரி. ஆனா அந்தப் புரொசீஜர் தனக்கு வந்த அதே மாறிய இன்னொரு புரொசீஜருக்கு வாரா அனுப்பினா அங்க மாத்தினது திரும்பி வாறேல்ல, ரெண்டாவது கை மாறேக்க மாறி இருக்கிற இடத்தக் குடுக்காம புதுசா ஒரு கொப்பி எடுத்துக் குடுக்குது போல. எரர் ஒண்டும் காட்டாது, பிழையான விடை மட்டும் வரும்.

நீங்களே செய்து பாக்க ரெண்டு புரோகிராம் சொல்லுறன். ஹனோய் கோபுரத்த (தட்டடுக்க ஒரு கம்பில இருந்து இன்னொண்டுக்கு ஒவ்வொரு தட்டா மாத்துற புதிர்) ரிகர்சனா, அதாவது புரொசீஜர் தன்னையே கூப்பிடுற மாதிரி எழுதி, எத்தின தரம் தட்டு நகருது எண்டத வார் மாறி ஒண்டில எண்ண விடுங்கோ. 3 தட்டுக்கு 7 வரோணும், கொம்பியூட்டர்ல ஓடுற ஃபிரீ பாஸ்கல்ல 7 வருது. உங்கட ஆப்பில ஒவ்வொரு நகர்வும் ஏழு வரியா ஸ்கிரீன்ல அச்சாகும், கீழ மொத்தம் 1 எண்டு நிக்கும். ஒரு தட்டுக்கு மட்டும் ரெஸ்ட் பண்ணினா சரியான விடை 1 தானே, அதாலதான் உங்கட கண்ணில படாம விட்டிருக்கும் எண்டு நினைக்கிறன்.

மற்றது பபிள் சோர்ட், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள ஒப்பிட்டு இடம் மாத்தி வரிசைப்படுத்துறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் எண்டு குளங்களின்ர முழு நீர்மட்டத்த அடிக்கணக்கில அரேயில (ஒரே பேரில பல பெறுமதி வைக்கிற வரிசை) போட்டு, சோர்ட் புரொசீஜருக்கு அந்த அரேய வாரா அனுப்பி, அதுக்குள்ள இருந்து ரெண்டு பெறுமதிய இடம் மாத்துற ஸ்வொப் புரொசீஜர கூப்பிடுறது. சின்னதில இருந்து பெரிசுக்கு அடுக்கினா 36 அடி இரணைமடு கடைசிக்குப் போகோணும், போட்ட இடத்திலயே கிடக்குது, ஒண்டும் அசையேல்ல.

இதில எனக்கு பெரிய கவலை என்னெண்டா பிள்ளையள் மெசின நம்புறாங்கள், தங்கட கணக்க நம்புறேல்ல. லொஜிக் சரியா எழுதின பிள்ளை அத அழிச்சு அழிச்சு எழுதுது, கடைசியில எல்லா மாறியையும் மேல குளோபலா, எல்லா இடத்திலயும் தெரியிற மாதிரிப் போட்டா விடை வருது எண்டு கண்டுபிடிச்சிட்டு அதையே வழக்கமாக்குது, பிறகு பராமீற்றர் (புரொசீஜருக்கு அனுப்புற பெறுமதி) ஏன் பாவிக்கேல்ல எண்டு கேட்டா அது வேலை செய்யாது சேர் எண்டு சொல்லுது. சோதினையில மெசின் இல்ல, புரோகிராமத் தந்து வெளியீடு என்ன எண்டு கேட்டா பேப்பர்லதான் எழுதோணும், ஆப்பில பாத்துப் பழகின பிள்ளை 1 எண்டு எழுதினா அந்தப் புள்ளிக்கு ஆர் பொறுப்பு? ஏ.எல்லுக்கு (உயர்தரம்) பைத்தான் மொழி வரேக்க லிஸ்ட அனுப்பினா உள்ளுக்க மாத்தினது வெளிய தெரியும், இலக்கத்த அனுப்பினா தெரியாது, அது வேற ஒரு விதி, அதுக்கு முதலே இது குழம்பிப்போனா அங்கயும் கஸ்டம்.

பிழை வாறது உங்களுக்கு அவமானம் இல்ல. ஃபோர்ட்ரான் எண்ட மொழியின்ர பழைய கொம்பைலர்களில (புரோகிராம மெசின் மொழிக்கு மாத்துறது) 4 எண்ட இலக்கத்த சப்ரூட்டினுக்கு (அங்கத்த புரொசீஜர்) அனுப்பி உள்ளுக்க மாத்தினா, பிறகு புரோகிராம்ல 4 எண்டு எழுதின மற்ற இடத்திலயும் வேற பெறுமதி வந்த சம்பவங்கள் இருக்கு. பராமீற்றர் அனுப்புறது எப்பவும் சிக்கலான இடம்தான். ஆனா அறிவிச்சும் பதில் இல்லாமக் கிடக்குது, அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு.

நான் கேக்கிறது இவ்வளவுதான். திருத்த நேரமெடுக்குமெண்டா எடுங்கோ, ஆனா அதுவரைக்கும் வார் மாறி ஒண்டு ரெண்டாவது புரொசீஜருக்குப் போற இடத்தில ஆப் ஓட்டத்த நிப்பாட்டி 'இது இன்னும் சரிவராது' எண்டு தமிழில ஒரு வரி காட்டட்டும். சத்தமில்லாமப் பிழையான விடை தாறதவிட நிண்டுபோறது எவ்வளவோ மேல். மேல சொன்ன ரெண்டு புரோகிராமையும் உங்கட ரெஸ்டுக்க சேருங்கோ, ஒரு தட்டில நிப்பாட்டாதேங்கோ. திருத்தினாப் பிறகு அப்டேட்டில என்ன பிழை இருந்தது எண்டும் வெளிப்படையா எழுதுங்கோ, அப்பதான் குளோபலுக்குப் போன பிள்ளையளுக்கு 'உங்கட லொஜிக் முதல்லயே சரி' எண்டு நாங்கள் காட்டலாம். புது வேர்சன வெளிய விட முதல் ஓட்டிப் பாக்க ஆள் வேணுமெண்டா இஞ்ச நாங்கள் இருக்கிறம், பழைய போன்களும் கனக்க இருக்கு.

இப்படிக்கு,
கிளிநொச்சியில ஐசிடி படிப்பிக்கிற ஒராள்