ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தொழில்களைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை செய்கிறேன். மகள் நான்காம் தரம் படிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தொழில்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது குறித்து மனதில் இருப்பதை எழுதுகிறேன். பிரசுரித்தால் நன்றியுடையவனாவேன்.

போன தவணையில் மகளின் பாடசாலையில் 'எதிர்காலத்தில் நான்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வந்து நாலு வரி பேச வேண்டும். டொக்டர், டீச்சர், லோயர், பொலிஸ் என்று திரும்பத் திரும்ப அதே வேஷங்கள்தான். வெள்ளைக் கோட்டுக்காக ஹட்டன் டவுன் வரை அலைந்த தாய்மாரும் உண்டு. ஆசைப்படுவதில் தப்பில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஒரு டொக்டர் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஆனால் டொக்டர் என்ன செய்வார் என்று கேட்டால், "ஊசி போடுவார்" என்பதற்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு பையனிடம் மேடையில் கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அம்மா கொழுந்து எடுப்பவர்.

அந்தக் கூச்சத்தை ஊட்டியது பெரியவர்களாகிய நாங்கள்தான். "படிக்காட்டி கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குத்தான் போகணும்" என்ற பேச்சு எந்த வீட்டில்தான் இல்லை? மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, கைக்கு வரும் சம்பளம் கடைக்கணக்குக்கே போதாத தாய், தன் பிள்ளை அந்தப் பாட்டைப் படக் கூடாது என்று அப்படிச் சொல்கிறாள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதையே கேட்டு வளரும் பிள்ளைக்கு மேலே டொக்டர், கீழே மலை என்று இரண்டே வேலைதான் தெரிகிறது. நடுவில் இருக்கும் நூறு தொழில் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு முறை ஐந்தாம் தரப் பிள்ளைகளை ஒரு டீச்சர் எங்கள் பெக்டரிக்குக் கூட்டி வந்தார். கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு பிள்ளை என்னிடம், "மாமா, இந்தக் காத்தாடி ராத்திரியிலயும் ஓடுமா?" என்று கேட்டாள். "ஓடும் மகள். பச்சைக் கொழுந்துல முக்கால்வாசி தண்ணி. அதுல பாதிக்கு மேல இறங்கினாத்தான் ரோலர்ல உடையாம சுருளும்" என்றேன். "நின்னு போச்சுன்னா?" என்று விடாமல் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக எல்லோரையும் வேர்க்‌ஷொப்புக்குக் கூட்டிப் போனேன். மேசையில் இரண்டு சின்ன மோட்டர்கள் இருந்தன. ஒன்றில் சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் நல்லது, மற்றதில் தேய்ந்தது. இரண்டையும் ஓடவிட்டு, ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை மோட்டர் உடம்பில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொன்னேன். நல்லதில் ஒரே சீரான ரீங்காரம் கேட்கும். தேய்ந்ததில் மணலை அரைப்பது போல ஒரு கரகரப்பு. பெயாரிங் போய்க் காத்தாடி நிற்பதற்கு முன்பே காதை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். பிள்ளைகள் வரிசையில் நின்று, முறை முடிந்ததும் மறுபடி பின்னால் போய் நின்றார்கள்.

அப்புறம் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கர், உருட்டிய கொழுந்தை அள்ளிக் கொடுத்து மணக்கச் சொன்னார். பச்சை வாடை போய்ப் பழ வாசனை வரும் நேரத்தைப் பிடித்து அடுப்புக்கு அனுப்பத் தெரியாவிட்டால் அன்றைய தேயிலை வீண் என்றார். கிட்டத்தட்ட நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று அவர் சொன்னதும் ஒரு பையன் விரலை மடக்கி, "அப்போ எங்கம்மா பதினெட்டு கிலோ எடுத்தா நாலு கிலோ தேத்தூள்" என்றான். முற்றிய கரட்டு இலை கலந்து வந்தால் எந்த மெஷினாலும் திருத்த முடியாது, நல்ல தேயிலை அம்மாவின் விரல் நுனியில்தான் தொடங்குகிறது என்று டீ மேக்கர் விளக்கினார். எந்த இலையை விட வேண்டும், எதைக் கிள்ள வேண்டும் என்று அன்றிரவு தாய்மாரிடமே கேட்டு எழுதி வரும்படி டீச்சர் சொல்லி அனுப்பினார். எனக்குத் தெரிந்து அந்தத் தாய்மாரிடம் அவர்கள் தொழிலைப் பற்றி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதைச் சொன்னால், "பிள்ளைகளை மறுபடியும் தோட்டத்துக்கே இழுக்கிறீர்களா?" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தால் போதும், அடுத்தது மலைதான். அந்த ஞாபகம் இருப்பவர்கள் பயப்படுவது நியாயம். வேலையைக் காட்டுவது வேறு, வேலைக்கு அனுப்புவது வேறு என்பதைப் பாடசாலைகள் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடைக்கும் ஆள் தேடி லயத்துக்கு வரும் தரகரிடம் அந்த வயதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

தொழில் என்றால் தோட்டம் மட்டும் இல்லையே. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்போது தலவாக்கலையில் இருக்கிறது. விதை போடாமல் கிளைத்துண்டிலிருந்து வளர்த்த கன்று நட்ட மலையை நாங்கள் 'வீபீ மலை' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த மலைகளில் நிற்கும் எத்தனையோ கன்று வகைகள் அங்கே வருஷக்கணக்காகச் சோதித்துத் தேர்ந்தவை. செடிக்கு நோய் பார்க்கிறவர், மண்ணைச் சோதிக்கிறவர் என்று அங்கே இருக்கும் தொழில்களை எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. அதே ஊரில் 150 மெகாவோட் மேல் கொத்மலை மின்நிலையத்துக்கான அணைக்கட்டு. லயத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கும் ரயில்வே ஊழியர், நுவரெலியாவில் லீக்ஸ் போடுகிறவர், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர் என்று பிள்ளைகள் தினமும் பார்க்கும் ஆட்களும் எத்தனையோ பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தராசை வகுப்பில் வைத்துக் கழித்தல் கணக்கை அதிலேயே படிப்பிக்கலாம். தன் தாயின் கொழுந்து நிறையை எழுதிய துண்டைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை கணக்கையும் மறக்காது.

இதற்காகப் புதுப் பாடம் வேண்டியதில்லை, புதுப் பரீட்சை வேண்டவே வேண்டாம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் நமக்கு உதவுபவர்களைப் பற்றிய பகுதி ஏற்கெனவே இருக்கிறது. படத்தைக் காட்டி முடிக்காமல் ஆளையே வகுப்புக்கு அழையுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகாவது ஐந்தாம் தரத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். எங்கள் பக்கத்துப் பாடசாலை எது கூப்பிட்டாலும் என் ஓய்வு நாளில் வரத் தயார்.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் வகுப்பறைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினால் அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடக் கூடாது. முழுப் பேர் போட வேண்டும். அதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை பிட்டர் ஒருவர்,
பொகவந்தலாவை.