மூட்டையில் 'சுண்ணாம்பு' என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமில மண்ணைத் திருத்துவது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முக்கியமான இடத்தில் 'தேவையான அளவு சுண்ணாம்பு இடவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எந்தச் சுண்ணாம்பு? கடை வாசலில் போய் நிற்கிற விவசாயிக்கு அங்கேதான் சிக்கலே.

நான் கோத்தகிரிப் பக்கம் கேரட்டும் முட்டைக்கோசும் போடுகிறவன். எங்கள் மலையில் பெய்கிற மழை மண்ணிலுள்ள கால்சியத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும், அது போதாதென்று நாங்கள் வருஷக்கணக்காகக் கொட்டுகிற உரம் வேறு. அம்மோனியம் சல்பேட் 100 கிலோ போட்டால், அது உண்டாக்குகிற புளிப்பை, அதாவது அமிலத்தை, எடுக்க மட்டுமே சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் மாவு வேண்டும். யார் அந்தக் கணக்குப் பார்த்துப் போடுகிறோம்? என் நிலத்தில் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.8 என்று மண் பரிசோதனையில் வந்தது. 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைய ஆரம்பித்து வேர் நுனியைக் கருக்கிவிடும், போட்ட பாஸ்பரஸும் பயிருக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

சரி என்று ஒரு கடையில் சுண்ணாம்பு மூட்டைகள் வாங்கி வந்து நிலத்தில் கலந்தேன். பிரித்துப் பார்த்தபோதே ரவை மாதிரிதான் இருந்தது, சில மூட்டைகளில் கொத்தமல்லி விதை அளவுக்குக் கல் கிடந்தது, அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துக் கேரட் பிடுங்கும்போது பார்த்தால் மண்ணுக்குள் அதே வெள்ளைக் கற்கள், ஓரம்கூட மழுங்காமல், போட்டது போட்டபடி. திரும்பப் பரிசோதித்தேன், 4.9. பணமும் போய் இரண்டு வருஷ வெள்ளாமையும் போயிற்று.

சுண்ணாம்புக்கல் தண்ணீரில் சட்டென்று கரைகிற பொருள் இல்லை. மண்ணிலுள்ள அமிலம் அதன் மேல்பரப்பைத் தொட்டால்தான் வேலை நடக்கும். ஒரு மில்லிமீட்டர் கட்டியை அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துகள்களாக உடைத்தால் அதே எடைக்கு மேல்பரப்பு 10 மடங்காகிவிடும். 60 மெஷ் சல்லடையில், அதாவது கால் மில்லிமீட்டர் கண்ணில், சலித்து இறங்குகிற மாவுதான் ஓரிரு வருஷத்துக்குள் முழுப் பலன் தரும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேலே உள்ளது வெறும் ஜல்லி.

இதே கல்லைப் பருமனாகத்தான் வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மச்சானிடம் மாவைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். முட்டை ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது, அந்நேரம் கோழி தீனி எடுக்காது. பகலில் தின்ற கிரிட், அதாவது பருமனான சுண்ணாம்புக்கல் துணுக்கு, அரைவைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரைந்தால்தான் ஓட்டுக்குத் தேவையான 2 கிராம் கால்சியம் விடியும்வரை கிடைத்துக்கொண்டிருக்கும். மாவாகப் போட்டால் அதற்கு முன்பே ஓடிவிடும், முட்டை தோல் முட்டையாக விழும். மச்சான் ஒவ்வொரு லோடு வரும்போதும் கையில் அள்ளிப் பார்த்துதான் இறக்க விடுவார்.

பெயிண்ட், பிவிசி பைப், காகிதம் செய்கிற கம்பெனிகளும் அப்படித்தான். துகள் எத்தனை மைக்ரான், வெண்மை எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கவும் இதே கல்லை மாவாக அரைத்துக் கரைசலாக்கித்தான் தெளிக்கிறார்கள், அங்கேயும் துகள் அளவு முக்கியம். கேட்காமல் வாங்குகிறவன் விவசாயி மட்டும்தான். அதனால் மற்றவர்கள் தள்ளிய கழிவெல்லாம் நம் தலையில் வந்து விழுகிறது.

அப்புறம் பெயர்க் குழப்பம். கல்லை அரைத்த மாவும் சுண்ணாம்பு, சூளையில் சுட்டதும் சுண்ணாம்பு, சுட்டதில் தண்ணீர் ஊற்றி நீற்றியதும் சுண்ணாம்புதான் நமக்கு. கல் மாவு 100 கிலோ செய்கிற வேலையைச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவிலும், நீற்றியது 74 கிலோவிலும் செய்துவிடும், ஆனால் அவை இரண்டும் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும், நாற்றையும் கருக்கும். ஜிப்சத்தையும் சில கடைகளில் இதே பெயரில் தள்ளுகிறார்கள். ஜிப்சம் நிலக்கடலைக்கு நல்லது, களர் நிலத்துக்கு நல்லது, ஆனால் மண்ணின் புளிப்பை அது எடுக்காது. சமவெளியில் சுக்கான் மண் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கமே வர வேண்டாம், அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம், இன்னும் போட்டால் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இலை வெளுத்துவிடும்.

வாங்கும் முன் ஒரு ஸ்பூன் பொடியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். கல் மாவு என்றால் சட்டென்று நுரைக்கும். டோலமைட் என்றால் மந்தமாக நுரைக்கும், அதில் மெக்னீசியமும் கிடைப்பதால் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதைத்தான் போடுகிறார்கள். ஜிப்சம் சும்மா கிடக்கும்.

ஆனால் எத்தனை பேர் எலுமிச்சம்பழத்தோடு கடைக்குப் போவார்கள்? மூட்டை மேல் மூன்று விஷயம் அச்சடிக்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும்: உள்ளே இருப்பது எது, எத்தனை மெஷ், அமிலத்தை எடுக்கும் திறன் எத்தனை சதவீதம். மண்ணில் கலந்து ஒரு மாதமாவது போன பிறகுதான் விதைக்க வேண்டும் என்பதால், கார்போக விதைப்புக்கு நாங்கள் மாசி மாதமே வாங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய இதழில் இது வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்