சேஜ்மேத் உருவாக்குநர்களுக்கும் டெபியன் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கட்டற்ற கணித மென்பொருளான சேஜ்மேத்தை (சுருக்கமாக, சேஜ்) உருவாக்கும் உங்களுக்கும், மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டித் தரும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் பராமரிப்பாளர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் கேட்க வந்த உதவியை ஒரு தரப்பு மட்டும் செய்து முடிக்க முடியாது.

சேஜ்மேத் பொதி உள்ள டெபியன் பதிப்பில், எண் கோட்பாடு படிக்கும் மாணவர் ஒருவர் டெர்மினலில் 'ஆப்ட் இன்ஸ்டால் சேஜ்மேத்' என்று ஒரு வரி தட்டினால் போதும், அன்று மாலையே கணக்குப் போட உட்கார்ந்துவிடலாம். அதையே மூலநிரலிலிருந்து கட்டப் போனால் சாதாரண மடிக்கணினியில் பல மணி நேரம் ஓடும். நடுவில் ஏதாவது ஒரு நிரலகம் முரண்டு பிடித்தால் புதியவர்கள் அத்தோடு கைவிட்டுவிடுவார்கள். அந்த ஒற்றை வரிக்காக நீங்கள் உழைத்த உழைப்புக்கு முதலில் என் நன்றி.

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய நாள் முதலே சேஜ், பாரி, கேப், மேக்சிமா, சிங்குலர் போன்ற பழுத்த மென்பொருள்களைப் பைத்தானால் இணைத்து வளர்ந்தது. தனக்கு வேண்டிய பதிப்புகளை, வேண்டிய பேட்சுகளோடு (நிரலில் செய்யும் சிறு திருத்தங்களோடு), கூடவே வைத்துக்கொண்டது. எந்தக் கணினியிலும் விடை மாறக்கூடாது என்ற கவலை அதற்கு. டெபியனின் கவலை வேறு. ஒரு நிரலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், அதனால் அதே நிரலகத்தின் பிரதிகள் பொதிக்குப் பொதி ஒளிந்திருக்கக் கூடாது. இரண்டு கவலைக்கும் நியாயம் உண்டு. சேஜ் ஒரு முறை டெபியனுக்குள் வந்து, பராமரிக்க ஆளில்லாமல் நீக்கப்பட்டு, 2017 ஜூனில் வெளியான ஸ்ட்ரெட்ச் என்ற டெபியன் பதிப்பில்தான் திரும்பி வந்தது.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு மேக்சிமா ஒன்றே போதும். சேஜ் அதை ஈசிஎல் என்ற லிஸ்ப் நிரல்மொழிக் கருவி வழியாகத் தன் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. டெபியனின் மேக்சிமாவோ ஜிசிஎல் என்ற வேறொரு லிஸ்ப் கருவியில் கட்டப்பட்டது. ஆகவே 'மேக்சிமா-சேஜ்' என்று தனிப் பொதியே போட வேண்டியிருந்தது. பிரதி கூடாது என்பவர்கள் இதற்கு இடம் கொடுத்தார்கள். பிடிவாதம் பிடித்திருந்தால் பொதியே வந்திருக்காது.

சோதனைகளில்தான் இருவரும் அதிகம் மோதுகிறீர்கள். எண் கோட்பாட்டில் வரும் எலிப்டிக் கர்வ் என்ற வளைவுகளில், கண்டக்டர் 37, ரேங்க் 1 கொண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜெனரேட்டராக, அதாவது அதன் விகிதமுறு புள்ளிகளையெல்லாம் பிறப்பிக்கும் புள்ளியாக, (0, 0) என்ற புள்ளியைச் சொன்னாலும் சரி, அதன் எதிர்ப்புள்ளியான (0, −1)-ஐச் சொன்னாலும் சரி, கணிதத்தில் குற்றமில்லை. ஆனால் ஆவணத்தில் ஒன்று எழுதியிருந்து, பாரியின் வேறு பதிப்பு மற்றதைத் தந்தால், ஆவண எடுத்துக்காட்டுகளை ஓட்டி விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டாக்டெஸ்ட் தோல்வி என்றுதான் சொல்லும். இப்படிச் சேரும் வெற்றுத் தோல்விகளுக்கு நடுவே உண்மையிலேயே தப்பான விடை ஒன்று வந்தால் யார் கண்ணில் படும்? கணித மென்பொருளில் எனக்கு இதைவிடப் பெரிய அச்சம் இல்லை.

சேஜ் நண்பர்களே, புள்ளி அந்த வளைவில் இருக்கிறதா, குழுவைப் பிறப்பிக்கிறதா என்று சோதியுங்கள். அச்சான எழுத்தை ஒப்பிடுவதை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். கணினியில் ஏற்கெனவே உள்ள நிரலகங்களைத் தேடி எடுத்துக்கொள்ளும் வசதியை நீங்களே கொண்டுவந்தது பெரிய மாற்றம். அதோடு, டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் உள்ள பதிப்புகளோடும் தவறாமல் ஓட்டிப் பாருங்கள்.

டெபியன் நண்பர்களே, உங்கள் பேட்சுகளின் தலைப்பில், மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா என்று சொல்லும் 'ஃபார்வர்டட்' என்று ஒரு வரி உண்டு. அதில் 'நோ' என்று இருக்கும் ஒவ்வொரு பேட்சும் அடுத்த பதிப்பில் மறுபடி உங்கள் தலையில்தான் விழும். அவசரத்தில் போட்டதாயிருந்தாலும் சேஜுக்கு அனுப்பிவையுங்கள், அவர்கள் மறுத்தால் காரணமாவது தெரியும். பாரியின் பெரிய பதிப்பை மாற்றும் முன்னும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சேர்ந்து செய்ய முடியாத காரியமல்ல இது. 2020 ஜனவரி 1, பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்த அதே நாளில், பைத்தான் 3-க்கு மாறிய சேஜ் 9.0 வெளிவந்தது. டெபியனும் பைத்தான் 2-ஐக் களைந்துகொண்டிருந்த நேரம். இரு பக்கமும் ஒரே நாளைக் குறிவைத்தால் எவ்வளவு பெரிய மாற்றமும் நடக்கும் என்பதை அப்போது பார்த்தோம்.

அனுப்பப்படாத பேட்சுகளை எடுத்து, விளக்கம் எழுதி, சேஜிடம் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் வேலையை நானே ஏற்கிறேன். டெபியனின் அடுத்த ஃப்ரீஸுக்கு (புதிய பதிப்புக்கு முன் மாற்றங்களை நிறுத்தும் காலத்துக்கு) முன் முடிக்க வேண்டும். கேள்வி எழுந்தால் பதில் சொல்ல இரு தரப்பிலும் ஆளுக்கு ஒருவரைக் காட்டுங்கள்.

அன்புடன்,
சேஜும் டெபியனும் பயன்படுத்தும் ஒரு கணித ஆசிரியர்