தான் வரைந்த படகில் தானே ஏறியவர்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் முதல் கணினி முன்னிருந்து எழுந்து புதிய படகுகளின் கடல் சோதனை ஓட்டங்களுக்குப் போகப் போவதாக நீ சொன்ன இரவு, நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதை மறுப்பென்று எடுத்துக்கொள்ளாதே. அதிவேகப் படகுகளை வடிவமைத்து, தானே பந்தயங்களில் ஓட்டிய இத்தாலியின் ஃபாபியோ புட்ஸி அப்போது என் நினைவில் வந்து நின்றார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் குரல் தழுதழுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

லெக்கோவில் 1943இல் பிறந்த அவர், இயந்திரப் பொறியியல் படித்து, 1971இல் எஃப்.பி. டிசைன் என்ற படகு நிறுவனத்தைத் தொடங்கினார். அலைமேல் எழும்பிய படகு மீண்டும் நீரில் விழும்போது முதுகெலும்பில் இறங்கும் அடியைத் தன் உடம்பிலேயே வாங்கியவர், கரைக்கு வந்து அந்த அடிப்பாகத்தைத் திருத்த உட்காருவார். ஓட்டுநர் சொல்வதைப் பொறியாளர் பாதியாகப் புரிந்துகொள்ளும் இடைவெளி அவரிடம் இருக்கவே இல்லை. கடலில் ஓட்டிப் பார்த்தே வடிவத்தை எடைபோடும் இந்த மரபு ஆழ்கடல் பந்தயத்துக்குப் பழையதுதான்: அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த ஆழமான வி வடிவ அடிப்பாகத்தின் அருமை, 1960இல் கொந்தளித்த கடலில் மியாமி–நாசோ பந்தயத்தை அந்த அடிப்பாகம் கொண்ட ‘மாப்பி’ என்ற படகு வென்றபோதுதான் பலருக்கும் புரிந்தது.

என்ஜினின் சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்ல புட்ஸி உருவாக்கிய டிரைமாக்ஸ் அமைப்பை நீ ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேகம் கூடக்கூட, புரொப்பெல்லரைச் சுழற்ற நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் அதைத் தாங்கும் பாகங்களும் படகைப் பின்னுக்கு இழுக்கின்றன. அதனால் இத்தகைய அமைப்புகளில் புரொப்பெல்லரைப் படகின் பின்புறம் நீர்மட்டத்திலேயே பொருத்துகிறார்கள். ஓடும்போது அதன் கீழ்ப்பாதி மட்டும் நீரை வெட்ட, மேற்பாதி காற்றில் சுழலும். தண்டு நீரைத் தொடுவதே அரிது. இலைகளின் முதுகுப்பக்கம் காற்று புகுந்துவிடுவதால், நீராவிக் குமிழிகள் வெடித்து உலோகத்தை அரிக்கும் தொல்லையும் குறைகிறது. ஆனால் படகு அலையை விட்டு எழும்பி மீண்டும் நீரைத் தொடும் கணத்தில் கியர்ப்பெட்டி வாங்கும் அதிர்ச்சி கொடியது. அந்த ஓசையைக் காதால் கேட்டவருக்கே எந்தக் கியர்ப் பல்லைத் தடிப்பாக்குவது என்று தெரியும்.

டீசல் என்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு. கனமானது என்று பலர் ஒதுக்கிய டீசலை அவர் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கித் தீப்பிடிக்கும் ஆபத்து டீசலில் மிகக் குறைவு. அதே அளவு எரிபொருளில் தொலைவும் கூடுதல். பிரிட்டனைச் சுற்றிவரும் பந்தயத்தை 1984இல் வென்றவர், 24 ஆண்டுகள் கழித்து 2008இல் மீண்டும் வென்றார். 2018இல், 75 வயதில், கோமோ ஏரியில் டீசல் படகை மணிக்கு 277 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மறு ஆண்டு செப்டம்பர் 17 அன்று, மான்டி கார்லோவிலிருந்து வெனிஸ் வரையிலான சாதனை ஓட்டத்தின் முடிவில், வெனிஸின் லிடோ தீவு அருகே இருட்டில் அவருடைய படகு செயற்கைக் கற்தடுப்பில் மோதியது. அவரும் உடன் சென்ற இருவரும் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல்களைக் கடந்து கரை கண்ணுக்கு எட்டிய இடத்தில் அது நடந்தது. உன்னோடு பேசிய இரவில் என் வாயை அடைத்தது இதுதான்.

ஆனாலும் நீ போக வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிற்றை, படகு மெதுவாகப் போகும்போதும் உடம்போடு கட்டிக்கொள். துறைமுகத்துக்குள் நுழையும் கடைசிச் சில நிமிடங்களில் யாரும் களைப்பாக இருந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்காதே. முதல் ஓட்டம் முடிந்ததும், கருவிகள் காட்டிய எண்களைப் பார்ப்பதற்கு முன்பே, உன் முழங்காலும் முதுகும் எந்த அலையில் என்ன உணர்ந்தன என்று எனக்கு எழுது. அன்றைக்கு எத்தனை மணிக்குக் கரையேறினாய் என்பதையும் அதில் சேர்த்துவிடு.

அன்புடன்,
அப்பா