இஸ்திரி வண்டி அண்ணனுக்கு

மதுரை செல்லூரில் வெள்ளக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டைக் கழுவி முடித்து இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மாமியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிய எதிர்வீட்டுத் தம்பிகள், மோட்டார் கொடுத்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் நான் அழுதது மூன்றாம் நாள், பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தபோதுதான். வீட்டுப் பத்திரம், மகளின் மார்க் ஷீட், மாமனாரின் பென்ஷன் தாள்கள் எல்லாம் ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தன. வாசலில் வைத்துப் பிரிக்கப் பார்த்தேன்.

"கிழிச்சுப்புடாத தாயி, இங்க கொண்டா."

முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். பெட்டியிலிருந்து பாதிக் கங்கைத் தட்டிவிட்டு, கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். தன் வெள்ளை வேட்டியை மடித்து, நடுவில் தாளை வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்த்தால் மை இழுத்துவிடுமாம். லேமினேஷன் போட்டதை மட்டும் தொடவில்லை, உருகிவிடும் என்றார். மொத்தம் 23 தாள். தீபாவளித் துணி மூட்டை மூட்டையாகப் பக்கத்தில் காத்துக் கிடந்தது. காசு நீட்டினேன். "துணிக்குத்தான் காசு, காயிதத்துக்கு எதுக்கு?"

2024 அக்டோபர் 25 காலையில், டானா புயல் ஒடிசாவில் கரையைக் கடந்ததை டிவியில் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டவர்கள் நாங்கள். மதுரைக்குக் கடல் இல்லை என்று ஒரு தெம்பு. 1999 புயலில் சுமார் 10,000 பேரைப் பறிகொடுத்த மாநிலம் அது. இந்த முறை காற்று வருமுன்பே லட்சக்கணக்கானோரை முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். நாமோ பீரோவின் கீழ்த்தட்டைக்கூட காலி செய்யவில்லை. நம்மைக் கவிழ்க்கப் புயல் காற்று வேண்டாம். கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் போதும்.

சரி, இனி புரட்டாசி முடியுமுன்பே பத்திரமெல்லாம் ஜிப் கவரில் பரணுக்கு ஏறிவிடும், போனிலும் படம் இருக்கும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மகளுக்குக் காட்டியாயிற்று. மாவட்ட அவசர எண் 1077-ஐ அடுப்படிச் சுவரில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, எங்கள் பத்திரத்தின் ஊதா முத்திரை உங்கள் வேட்டியில் தலைகீழாகப் பதிந்துவிட்டது, நான் பார்த்தேன். புது வேட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளுங்கள். இது காகிதம் இல்லை, துணிதான்.